ஓரகத்தி கொடுத்த கட்டைப்பை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்துவிட்டது. மூத்த ஓரகத்தி ஒரு கட்டைப்பை நிறையத் தன் பையனின் சின்ன வயசுத் துணிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவருக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. இவருடைய அம்மாவுக்கோ முகம் சுருங்கிவிட்டது. "தலைப்பிள்ளைக்கு யாராவது பழசு போடுவாங்களா, நமக்கு வாங்க வக்கில்லையா" என்கிறார். போடலாமா, சுத்தமாக இருக்குமா, எதை எடுத்துக்கொண்டு எதைத் தள்ளுவது, வேண்டாததை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் கேள்விகள்.

போடலாம். தாராளமாகப் போடலாம். நான் திருப்பூரில் குழந்தைகள் உடை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் 19 வருஷம் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். வீட்டில் மூன்று பெண்களில் கடைசிப் பெண். அதாவது பகலெல்லாம் புதுத் துணியைச் சோதித்தவள், வளர்ந்ததெல்லாம் பழைய துணியில். இரண்டு பக்கமும் பார்த்த தைரியத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அம்மா. அவர் மனத்தாங்கல் துணியைப் பற்றியது இல்லை, மரியாதையைப் பற்றியது. ஆனால் ஒன்றை அவருக்கு ஞாபகப்படுத்தலாம். நம் ஊரில் பல வீடுகளில் பிறந்த குழந்தையின் உடம்பில் முதலில் படுவது புதுத் துணி இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டும் மூட்டையில் என்ன இருக்கும்? தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, மடித்து அடுக்கியது. தூளி கட்டுவது அம்மாயியின் நைந்த நூல் சேலையில். பேர் வைக்கிற நாள் வரைக்கும் புதுச் சட்டை போடவே கூடாது என்று சொல்லும் வீடுகள் உண்டு. அதற்குச் சாத்திரம் ஏதாவது சொல்வார்கள், அதை விடுங்கள். கடையிலிருந்து வரும் புதுத் துணியில் கஞ்சியும் மொடமொடப்பும் இருக்கும், நூறு தடவை துவைத்த துணிதான் அந்தத் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் என்பது நம் கிழவிகளுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்த குழந்தையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள், பிச்சை என்று பேர் வைப்பார்கள். அடுத்த வீட்டிலிருந்து வாங்கியது நிலைக்கும் என்ற நம்பிக்கை அது. இதையெல்லாம் உங்கள் அம்மாவிடம் நான் சொல்லி எடுபடாது. அவரை அவருடைய அம்மா எந்தத் துணியில் சுற்றித் தூக்கினார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அதே சமயம் அவருக்கு உரிய இடத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேர் வைக்கும் நாள், முதல் தீபாவளி, முதல் பிறந்தநாள், மொட்டையும் காதுகுத்தும் வரும்போது தாய்மாமன் எடுக்கிற துணி, இதெல்லாம் புதிதுதான். அதில் ஓரகத்தியின் பைக்கு வேலையில்லை. "தீபாவளிக்கு நீதாம்மா எடுக்கணும்" என்று இப்போதே சொல்லிவையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி துணி. கம்பெனியில் ஒரு ஆர்டர் எடுத்தால் துணியை மெஷினில் போட்டுத் துவைத்து, காயவைத்து, அளந்து பார்ப்போம். பருத்தி பின்னல் துணி முதல் சில துவையலில் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு வரைக்கும் சுருங்கினால், ஆர்டர் கொடுத்து வாங்கும் பையர்கள் பலர் ஒத்துக்கொள்வார்கள். சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியைக் கூடவே வைத்துப் பார்ப்போம். மட்டமான துணியாக இருந்தால் நாலு துவையலுக்கு அப்புறம் பக்கத்துத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். உங்கள் பையில் இருக்கும் சட்டைகளுக்கு இந்தச் சோதனையெல்லாம் ஓரகத்தியின் பையன் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டான். சுருங்குவது சுருங்கிவிட்டது, போகிற சாயம் போய்விட்டது, முறுக்குகிறது முறுக்கிவிட்டது. இன்னும் நேராக நிற்கிற சட்டை நல்ல சட்டை. கடையில் தொங்குவதைப் பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது, 19 வருஷம் செக்கிங் டேபிளில் நின்ற என்னாலும் முடியாது.

இன்னொன்றும் உண்டு. சுருக்கம் விழாமல் இருக்கவும், பளபளவென்று தெரியவும் புதுத் துணிக்குப் பல விதமான பினிஷிங் கொடுக்கிறார்கள். அதில் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு என்ற, தோலை உறுத்தக்கூடிய ரசாயனம் மிச்சம் இருக்கும். இப்படிப்பட்ட ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றன என்று காட்ட ஏற்றுமதித் துணிக்குக் கேட்கப்படும் ஓகோ-டெக்ஸ் சான்றிதழில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது. எல்லாவற்றிலும் கடுமையான வரம்பு அதற்குத்தான். துவைக்கத் துவைக்க இந்த மிச்சம் குறையும். அதனால்தான் புதுசு எடுத்தாலும் ஒரு தடவை அலசிவிட்டுப் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். இறங்கி வந்த துணிக்கு அந்தக் கவலையும் இல்லை.

அப்புறம் கணக்கு. பிறக்கும்போது குழந்தை சுமார் 50 செ.மீ. நீளம். ஒரு வயதில் சுமார் 75. பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வருஷத்தில் மூன்று மடங்கு. இந்த வேகத்தில் வளரும் ஆளுக்கு முதல் அளவு சட்டை எத்தனை நாள் செல்லும் என்று நினைக்கிறீர்கள்? ஆறு வாரம், எட்டு வாரம். அதிலும் வந்தவர்கள் போனவர்கள் கொடுத்த பத்து ஜப்லாவில் நாலு மடிப்புக் கலையாமல் கிடக்கும். என் மகளுக்கு வந்த ஒரு வெள்ளை கவுன் ஒரே ஒரு தடவைதான் போட்டது. அடுத்த தடவை எடுத்தபோது தலையே நுழையவில்லை. உங்கள் பையிலும் அப்படிச் சில இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பழையது என்ற பெயர்தான், உடுத்திய நாட்களைக் கூட்டினால் பத்து விரலுக்குள் அடங்கும்.

ஒரு பனியன் சட்டைக்கு வேண்டிய பருத்தியை விளைவித்து ஆடையாக்கச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க மலைப்பாக இருக்கும். எங்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை, சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றைப் பார்த்தாலே போதும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டபோது ஊரே முடங்கியது. அதைச் சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த ஆற்றங்கரையில் வேலை பார்த்துச் சாப்பிட்டவள், ஒரு சட்டையை ஒரு பிள்ளையோடு நிறுத்துவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும். அவ்வளவுதான். இதற்காக மட்டும் பழைய துணி போடுங்கள் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா தீபாவளிக்கு மொத்தத் துணிக்கடையில் ஒரே தானிலிருந்து மூன்று பேருக்கும் வெட்டிக்கொண்டு வருவார். ஒரு வருஷம் ஊதாவில் வெள்ளைப் பூ. மூன்று அளவில் மூன்று கவுன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, போட்டோவும் எடுத்தார்கள். இதில் கடைசிப் பெண்ணின் கதியை யோசித்தீர்களா? என் கவுன் எனக்குச் சின்னதானதும் சின்னக்காவின் ஊதா கவுன் எனக்கு வந்தது. அது சின்னதானதும் பெரியக்காவின் ஊதா கவுன் வந்தது. அஞ்சு வருஷம் நான் ஊதாவில் வெள்ளைப் பூவோடுதான் திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், "இந்தப் பொண்ணு கவுனும் கூடவே வளருதா?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். இன்றைக்கு அக்காக்கள் இருவரும் கூடினால் முதலில் பேசிச் சிரிப்பது அதைத்தான்.

ஆனால் அழுகை மட்டும் இல்லை. பெரியக்கா ஒரு துணியைப் போட்டுக்கொண்டு போகும்போதே, அது எப்போது எனக்கு வரும் என்று கணக்குப் போடுவேன். அவளுடைய மஞ்சள் சட்டையில் பையொன்று இருந்தது, பையில் மூடியும், மூடியில் டிச் பட்டனும். அந்த டிச் பட்டனுக்காக மூன்று வருஷம் காத்திருந்தேன். வந்த அன்றைக்கு நூறு தடவையாவது திறந்து மூடியிருப்பேன். புதுத் துணி தீபாவளிக்கு முந்தின நாள் திடீரென்று வந்து நிற்கும். இறங்கி வரும் துணி அப்படியில்லை. கண்ணெதிரே இன்னொருத்தி உடம்பில் நடமாடிவிட்டு, அவள் அதில் என்னவெல்லாம் செய்தாள் என்ற கதையோடு வரும். அக்கா மாதிரி ஆவதற்கு அதுதான் எனக்குக் கிடைத்த வழி.

பெரியவர்கள் பக்கம் இன்னொரு சுகம் இருக்கிறது. நம் குழந்தை போட்ட சட்டையை இன்னொரு குழந்தை போட்டுக்கொண்டு குறுக்கே ஓடும்போது, ஒரு நொடி நம் குழந்தையே திரும்பவும் இரண்டு வயதில் ஓடுவது போல இருக்கும். என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம், சித்தி பேரன் அவளுடைய பழைய கோடு போட்ட டவுசரோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். முழங்காலில் நான் யானை வடிவில் வெட்டி வைத்துத் தைத்த ஒட்டு அப்படியே இருந்தது. ஓட்டையை மறைக்கத்தான் தைத்தேன். அவனோ அந்த யானைக்காகவே டவுசரைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறானாம். இதை எந்தக் கடையில் வாங்குவது?

சரி, வேலையைப் பார்ப்போம். பையைத் தரையில் கொட்டி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எடுங்கள். வயசுப் பட்டையை நம்பாதீர்கள். 0–3 மாதம், 3–6 மாதம் என்று போட்டிருப்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி இருக்கும், அதுவும் துணி சுருங்கியிருக்கும். ஐரோப்பாவுக்குத் தைக்கும்போது நாங்கள் 56, 62, 68, 74, 80 என்று ஆறு ஆறு சென்டிமீட்டராகக் குழந்தையின் உயரத்தைத்தான் அளவாகப் போடுவோம். அது நேர்மையான முறை. நீங்களும் சட்டையின் தோளிலிருந்து கீழ்வரைக்கும் டேப் வைத்து அளந்து, ஒரே நீளமானவற்றை ஒன்றாக அடுக்குங்கள்.

பட்டனை விரலால் பிடித்து நன்றாக இழுங்கள். கம்பெனியில் 90 நியூட்டன் விசையில், அதாவது ஒன்பது கிலோ தொங்கவிட்ட மாதிரி, பத்து விநாடி இழுத்துப் பார்ப்போம். வீட்டில் அவ்வளவு வேண்டாம். ஆடினால் வெட்டி எடுத்து மறுபடி இறுக்கித் தையுங்கள், அல்லது அந்தத் துணியையே தள்ளுங்கள். சமிக்கி, மணி, கல் ஒட்டியது எதுவும் ஒரு வயது வரைக்கும் கிட்டே வரக்கூடாது, பிள்ளை கையில் கிடைத்ததும் வாய்க்குத்தான் போகும். கழுத்தில் நாடா கோத்த ஜிப்பா, தொப்பி வைத்த சட்டையில் கயிறு, இவற்றைப் பார்த்ததும் உருவி எறியுங்கள். ஐரோப்பிய விதிப்படி ஏழு வயது வரைக்கும் கழுத்துப் பக்கம் கயிறே இருக்கக் கூடாது, சறுக்குமரத்திலும் தொட்டில் கம்பியிலும் மாட்டிக்கொண்டு குழந்தைகள் உயிர் போயிருக்கிறது. உள்ளூர் கடையில் இன்னமும் அழகுக்குத் தொங்கவிடுகிறார்கள்.

எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் திரும்பி வரவேண்டும். மொறுமொறுவென்று சத்தம் கேட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது, புதிதாகக் கோத்துக்கொள்ளலாம், ஐந்து நிமிஷ வேலை. துணியின் உட்பக்கத்தைத் திருப்பி, ஓவர்லாக் தையல் உறுத்துகிறதா என்று உங்கள் உதட்டில் தேய்த்துப் பாருங்கள். கையைவிட உதட்டுக்குச் சொரசொரப்பு நன்றாகத் தெரியும். தோளில் ஒரு துணியின் மேல் இன்னொன்று ஏறினாற்போல் மடிப்பு வைத்த சட்டைகள் கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் கழுத்து அகலமாக விரியும், தலை வழியாக இல்லாமல் கீழ்வழியாகவே உருவி எடுத்துவிடலாம். குழந்தை முதுகுவரைக்கும் கழிந்து வைக்கும் முதல் நாள் இதன் அருமை தெரியும்.

செருப்பு, ஷூ நன்றாகத் தேய்ந்தது என்றால் வேண்டாம், அது இன்னொரு கால் நடந்த தடத்துக்குப் பழகியது. ஜட்டியும் வேண்டாம். துணி நாப்கின் கெட்டியாக இருந்தால் கொதிக்க வைத்து எடுத்து வெயிலில் போட்டுப் பயன்படுத்தலாம்.

இப்போது நான் சொல்வதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பையைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் அடித்ததா? அந்துருண்டை என்றும் சொல்வார்கள். நாப்தலீன் அது. ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள், பார்த்தால் தெரியாது. அந்த உருண்டை போட்டுவைத்த துணியை எடுத்து அப்படியே போட்டதால் அவர்களுக்கு ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகி ஆபத்தானது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. பச்சைக் குழந்தைகளுக்குத்தான் அதிகம். அதனால் உருண்டை வாசம் உள்ள துணியைப் பல நாள் வெயிலிலும் காற்றிலும் போட்டு, திரும்பத் திரும்பத் துவைத்து, வாசம் கொஞ்சமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தொட வேண்டும். முதல் மூன்று மாதத் துணியாக இருந்தால் நான் தள்ளிவிடுவேன். பூச்சிக்கு நம் வீட்டில் வசம்பு இருக்கிறதே. காய்ந்த வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போட்டாலே போதும். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பேர் வைத்தவர்கள் பட்டுச்சேலைக்கு நடுவிலும் அதைத்தான் வைத்தார்கள்.

சுத்தம் பற்றி உங்களுக்கு இருக்கும் பயத்துக்கு இவ்வளவு போதும்: வந்த துணி எல்லாவற்றையும் ஒரு தடவை சுடுதண்ணீரில் துவைத்து, நல்ல வெயிலில் உட்பக்கம் வெளியே தெரியக் காயவையுங்கள். கொடுத்த வீட்டில் யாருக்காவது சிரங்கு இருந்தது என்று தெரிந்தால், பையை வாய் கட்டி ஒரு வாரம் தனியே வைத்துவிட்டு அப்புறம் துவையுங்கள். சிரங்கை உண்டாக்கும் பூச்சியால் மனிதத் தோலை விட்டு இரண்டு மூன்று நாளுக்கு மேல் உயிரோடு இருக்க முடியாது.

மஞ்சள்தூள் கறையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சோப்புப் பட்டதும் அது சிவப்பாக மாறிப் பயமுறுத்தும். துவைத்துவிட்டு ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் தானே வெளுத்துவிடும். பால் கறை வேறு ரகம். துவைத்தபோது தெரியாமல் இருந்து, இரண்டு வருஷம் பெட்டிக்குள் இருந்த பிறகு கழுத்தோரம் பழுப்பாக எழும்பி நிற்கும். உங்கள் ஓரகத்தி அழுக்காகக் கொடுத்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம், எடுத்து வைக்கும்போது அது அவர் கண்ணுக்குத் தெரிந்தே இருக்காது.

நீங்கள் பிறகு எடுத்து வைக்கும்போது கஞ்சி போடாதீர்கள், இஸ்திரி போடும்போது தெளிக்கிற கஞ்சியும் வேண்டாம். கஞ்சிக்குத்தான் வெள்ளிப்பூச்சி வரும். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டாமல் பழைய தலையணை உறையில் போட்டு வையுங்கள். உறையின் மேல் அளவை எழுதி ஒரு சீட்டு.

வேண்டாததை எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். இதற்குக் கொடுத்தவர் பக்கத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறேன், ஏனென்றால் தப்புச் செய்தவள் நான். என் மகளின் துணிகளைக் கூட வேலை பார்த்த தோழிக்கு ஒரு பை நிறையக் கொடுத்தேன். கொடுத்ததோடு விடவில்லை. "அந்த ரோஸ் கவுன் போட்டியா? போட்டோ அனுப்பு" என்று மூன்று தடவை கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது, ரோஸ் கவுனின் அடிப்பாதி அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்தது. பத்து நாள் எனக்கு மனசு ஆறவில்லை. அப்புறம்தான் யோசித்தேன்: அந்தக் கவுனின் அக்குளில் ஒரு கிழிசல் இருந்தது எனக்கே தெரியும். ஆசையில் உள்ளே போட்டு அனுப்பியவள் நான். கொடுத்தால் கொடுத்ததுதான். திரும்ப வேண்டும் என்றால் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எனவே உங்கள் ஓரகத்தியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: "அக்கா, இதுல எதாச்சும் உங்களுக்குத் திரும்ப வேணுமா? மிச்சத்தை என் இஷ்டத்துக்கு வெச்சுக்கலாமா?" நிச்சயம் ஒன்றிரண்டு இருக்கும். முதல் பிறந்தநாள் சட்டை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஜப்லா என்று ஏதாவது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் மீதியை நீங்கள் நிம்மதியாகப் பிரிக்கலாம். தள்ளியதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். போட்டதை மட்டும் ஒரு போட்டோ எடுத்து, அவர் கேட்காமலே அனுப்புங்கள். ஒன்றே ஒன்று போதும்.

வீட்டில் வேலை செய்பவருக்குக் கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் பை காலியாகும்போது அந்த யோசனை வரும். தங்கைக்குக் கொடுக்கக் கூசும் துணியை அவருக்கும் கொடுக்காதீர்கள். "என் பொண்ணு போட்டது, நல்லா இருக்கு, உங்க பேத்திக்கு வேணுமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் சரி என்று விட்டுவிட வேண்டும். கிழிந்தது, சாயம் போனது எல்லாம் அடுப்படிக்கு, இல்லையென்றால் எவர்சில்வர் பாத்திரக்காரருக்கு. அவரும் இப்போதெல்லாம் பருத்தித் துணி என்றால் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு கரண்டிக்கு மேல் தருவதில்லை.

பள்ளி யூனிஃபார்மும் இப்படிக் கைமாறும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். என் மகள் படித்த பள்ளியில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை யூனிஃபார்ம் துணியில் இருக்கும் கோடுகளின் அகலத்தை மாற்றினார்கள். அரை அங்குலம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்று மடித்து வைத்த ஆறு செட்டும் வீணாய்ப் போயிற்று. குளிர் நாட்டில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில் பனிக்கால கோட்டும் பூட்ஸும் ஒரே பருவம் போட்டுவிட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நீலக் கோட்டின் உள்பட்டையில் ஐந்து குழந்தைகளின் பெயரை அடித்து அடித்து எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் அப்படிச் சுற்றுவது ஒரு பட்டுப்பாவாடை. 1976 தீபாவளிக்குப் பெரியக்காவுக்கு எடுத்தது, அரக்கில் பச்சைக் கரை. அப்போது அவளுக்கு ஏழு வயது. வளர்ற பிள்ளை என்று அம்மா தாராளமாகத் துணி எடுத்து, கரைக்கு மேல் மூன்று டக்கு, அதாவது பிரித்தால் நீளம் கூடுகிற மடிப்பு, வைத்துத் தைத்தார். அக்கா வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிப்பது, சின்னக்காவுக்கு இறங்கியதும் மறுபடி போடுவது, அப்புறம் எனக்கு, சித்தி மகளுக்கு, என் மகளுக்கு. பிரித்துப் பிரித்துப் போட்டதில் துணியில் கோடுகள் விழுந்துவிட்டன. மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் சாயம் மங்காமல் அடர்ந்து நிற்கும். சட்டை ஐந்து தடவை புதிதாகத் தைத்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் பட்டு பொருந்தவில்லை என்று ஒரு சண்டையும் நடந்தாயிற்று. ஆனால் மூன்றாவது டக்கை, மேலே இருப்பதை, ஒருத்தரும் பிரிக்கவில்லை. அதற்குள் எல்லோரும் தாவணிக்கோ சுடிதாருக்கோ போய்விட்டோம்.

போன தை மாதம் பெரியக்காவின் பேத்திக்கு அதைப் போட்டுப் பார்த்தோம். நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள், கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. சரி என்று பிளேடை எடுத்து அந்த மூன்றாவது டக்கைப் பிரிக்க உட்கார்ந்தேன். உள்ளே பாவாடை வாங்கிய அன்றைக்கு இருந்த அரக்கு நிறம். அப்புறம்தான் தையலைக் கவனித்தேன். மேல் நூல் அரக்கு, பாபினில் சுற்றிய அடி நூல் வெள்ளை. கம்பெனியில் இப்படி ஒரு பீஸ் டேபிளுக்கு வந்திருந்தால் அங்கேயே ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

அம்மா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நூலைக் காட்டினேன்.

"தீபாவளிக்கு முந்தின ராத்திரி, கண்ணு. அரக்கு நூலு தீந்துபோச்சு, கடையெல்லாம் சாத்திட்டாங்க. உள்ளதான போவுது, யாரு பாக்கப் போறாங்கன்னு போட்டுட்டேன்" என்றார்.